லாயிட் வீட்டு வாசலில் ஹம்ப்

எங்கள் தெருவில் வண்டி வேகத்தைக் குறைக்கிற ஹம்ப் எங்கே வர வேண்டும் என்று சாக்பீஸால் கோடு கிழித்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் வந்து எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

என் பெயர் பெட்டி. காக்ஸ் டவுனில் இருபத்தாறு வருடமாக வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் ஓஸ்வால்ட் முப்பது வருடம் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்தவர். ரிட்டயர் ஆனபோது இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். குடைகிறது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் பால் பூத்துக்குப் போய் இரண்டு பாக்கெட் வாங்கி வருவார். அந்த ஒரு வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

எங்கள் தெரு ஒன்வே. மெயின் ரோட்டு சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாத வண்டியெல்லாம் இதற்குள் புகுந்து பறக்கும். ஜனவரியில் ஒரு ஸ்கூட்டர்காரன் ஓஸ்வால்டை இடித்துத் தள்ளி முழங்கை உடைந்தது. "ஹார்ன் அடிச்சேனே ஆன்ட்டி" என்றான் அந்தப் பாவி. அடுத்த தடவை இந்த மனுஷன் பிணமாகத்தான் வீட்டுக்கு வருவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்கே வார்டு ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இன்ஜினியர் பெயர் நாகேஷ். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "சும்னே வந்து கேட்டா ஆகாது மேடம்" என்றார். "தெருவுல மூணுல ரெண்டு பங்கு வீடு கையெழுத்து போடணும். டிராஃபிக் போலீஸ் லெட்டர் வேணும். வார்டு கமிட்டி மீட்டிங்ல பாஸ் ஆகணும். அப்புறம்தான் வார்டு ஃபண்ட்ல எழுத முடியும். அதுவும் ஒரு தெருவுக்கு ஒரே ஹம்ப். அடுத்ததுக்கு மூணு வருஷம் ஆகும்."

தெருவில் அறுபது வீடு. நாற்பது கையெழுத்து வேண்டும். முதலில் இருபத்தி இரண்டாம் நம்பருக்குப் போனேன். அது லாயிட் வீடு. சர்ச் கமிட்டி செக்ரட்டரி. அவர் போட்டால்தான் மற்றவர்கள் பேனாவையே எடுப்பார்கள். ஃபாரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. புதுக் கார் வாங்கியிருந்தார், அடி தட்டுமாம். "வேற ஏதாவது பேசுங்க சிஸ்டர்" என்று சொல்லி கேட்டைச் சாத்தினார்.

சரி, உன் கையெழுத்தை நீயே வைத்துக்கொள் என்று வந்துவிட்டேன். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பாதிப் பெண்களின் பிளவுஸ் என் அலமாரியில் இருந்தது. கையெழுத்து போடாமல் ஒரு பிளவுஸும் வாசல் தாண்டாது என்று சொல்லிவிட்டேன். திட்டிக்கொண்டே போட்டார்கள். சிலர் புருஷனுக்கும் சேர்த்துப் போட்டார்கள். லாயிட் பெண்சாதி ஆஞ்சலாகூட வந்து, வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போனாள். நாற்பத்தி மூன்று ஆயிற்று.

போலீஸ் லெட்டருக்கு ஒன்பது தடவை நடந்தேன். அதைக்கூட மறந்துவிடுவேன். வார்டு கமிட்டி மீட்டிங்கை மட்டும் மறக்க மாட்டேன். ஐம்பது பேர் இருந்தார்கள். லாயிட் எழுந்து நின்றார்.

"ஒருத்தருக்குக் காது கேக்கலைன்னா காது மெஷின் மாட்டிக்கணும். இல்லன்னா வீட்டுல கட்டிப் போடணும். அதுக்காக ஊர்ல இருக்கறவன் இடுப்பெல்லாம் உடையணுமா?"

சிரித்தார்கள். ஓஸ்வால்ட் என் பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தார். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார். தீர்மானம் பாஸ் ஆயிற்று, ஃபண்டும் எழுதினார்கள். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும் காதிலேயே நின்றது.

ஜூனில் நாகேஷ் தெருவைப் பார்க்க வந்தார். கையில் சாக்பீஸ். "எங்கே போடணும்னு நீங்களே காட்டுங்க மேடம். அப்ளிகேஷன் உங்களுதுதானே."

என் வீடு பதினாலு. பூத் எனக்கு நேர் எதிரே. லாயிட் வீடு அங்கிருந்து எண்பது அடி மேலே, வண்டி வருகிற பக்கம். அவருடைய புதுக் கார் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. சாக்பீஸை வாங்கிக்கொண்டு நேராகப் போனேன். அவர் கேட்டுக்கு முன்னால், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் கோடு கிழித்தேன்.

"பூத் கிட்ட வேண்டாமா?" என்று கேட்டார் நாகேஷ்.

"மேல இருந்து வர்றப்பவே ஸ்லோ ஆயிடும் இல்ல சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். நானும் கையெழுத்து போட்டேன்.

அக்டோபரில் ஹம்ப் வந்தது. கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை அடித்தார்கள். மறுநாள் காலை லாயிட் கார் அதன் மேல் ஏறி இறங்கியபோது கர்ரக் என்று அடி தட்டிய சத்தம் என் சமையலறை வரைக்கும் கேட்டது. காபி குடித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், அப்படி ஒரு காபியை நான் ஜென்மத்தில் குடித்ததில்லை. மூன்று வாரம் அந்தச் சத்தத்துக்காகவே காலையில் ஜன்னலோரம் நின்றேன்.

நான்காவது வாரம் வேறு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஓஸ்வால்ட் ரோட்டில் கிடக்கிறார். பால் பாக்கெட் இரண்டும் உடைந்து வெள்ளையாக ஓடுகிறது. கார் கண்ணாடி தோளில் அடித்திருக்கிறது. அந்தப் பழைய முழங்கையே மறுபடியும்.

அப்போதுதான் நின்று பார்த்தேன். லாயிட் வாசலில் எல்லா வண்டியும் பெட்டிப் பாம்பாக இறங்குகிறது. இறங்கியதும், இழந்த நேரத்தைப் பிடிக்க ஓட்டுகிறவன் முறுக்குகிறான். எண்பது அடியில், சரியாக பூத்துக்கு வரும்போது, முன்னைவிட வேகம்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டே அவர் கேட்டார். "ஹம்ப் வந்துடுச்சு, இனி பயமில்லன்னு நீதானே சொன்னே பெட்டி? அதான் நான் பார்க்காம இறங்கிட்டேன்."

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழை ஆகணும் என்பார்கள். என் மூக்காக இருந்தால்கூடப் பரவாயில்லை. அறுபட்டது இந்த மனுஷன் மூக்கு.

நாகேஷிடம் ஓடினேன். அவர் கோப்பைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். "இடம் மாத்தலாம் மேடம். இப்போ எந்த வீட்டு வாசல்ல இருக்கோ, அந்த வீட்டுக்காரங்க எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கணும்."

இதைவிடச் சுலபம் என்ன இருக்கிறது? லாயிட்டுக்கு அதைப் பெயர்த்து எடுத்தால் சர்க்கரைப் பொங்கல் அல்லவா? ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு ஃபாரத்தோடு போனேன். கையில் ஆஞ்சலாவின் கிறிஸ்மஸ் பிளவுஸும் இருந்தது, ஒரு தைரியத்துக்கு.

லாயிட் ஃபாரத்தை இரண்டு தடவை படித்தார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். உள்ளேயிருந்து ஆஞ்சலா வந்தாள். அவளுக்கு ஒரு வருடமாக முழங்கால் தேய்மானம், கம்பு ஊன்றித்தான் நடப்பாள்.

"வேணாம். போடாதீங்க" என்றாள் புருஷனிடம். பிறகு என்னைப் பார்த்தாள். "வீட்டுக்கு எதிர்லதான் எங்கம்மா இருக்காங்க. ஒரு வருஷமா நான் ரோடு தாண்டல. இப்பதான் தினம் போய்ப் பார்க்கறேன். எனக்கு இந்த ஹம்ப் வேணும் அக்கா."

"அவருக்கு கை உடைஞ்சுடுச்சு ஆஞ்சலா."

"தெரியும். பூத் முன்னாடி போட்டிருக்கலாமே. எங்க வாசல்ல வந்து கோடு போட்டது யாரு? ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

என் கையிலிருந்த பிளவுஸைப் பார்த்தாள். "அதையும் நீங்களே வச்சுக்கோங்க. பழசையே போட்டுக்கறேன்."

லாயிட் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அடுத்த ஹம்புக்கு மூன்று வருடம். அதுவரைக்கும் தினமும் காலை ஆறு மணிக்கு ஓஸ்வால்டின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு எண்பது அடி மேலே நடக்கிறேன். லாயிட் வாசலில் ரோடு தாண்டி, அந்தப் பக்கமாக இறங்கி பூத்துக்குப் போய், பாலை வாங்கிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறி, மறுபடியும் லாயிட் வாசலில் தாண்டி வீட்டுக்கு வருகிறேன். லாயிட் போர்டிகோவில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார்.

"குட் மார்னிங் சிஸ்டர். மெதுவா தாண்டுங்க" என்கிறார், இரண்டு தடவையும்.

நானும் குட் மார்னிங் சொல்லிவிட்டு மெதுவாகத்தான் தாண்டுகிறேன்.