தவணைச் சேதி

"ஐயோ, கத்தாதீங்க! அவன் காதுல விழுந்துடப்போகுது!" அக்காள் பாய்ந்து வந்து கணவரின் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கினாள்.

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி கட்டிலில் கிடத்தப்பட்டிருந்தான். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தான். வாசலில் மயானத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றிருந்தது.

"அடியே, இனிமே அவனுக்கு என்னடி ஆகிடும்?"

"சும்மா இருங்க. அவனுக்கு ரிசல்ட் சொல்றது என் வேலை."

அது தெருவுக்கே தெரிந்த கதை. பிறக்கும்போதே தம்பிக்கு இதயத்தில் ஓட்டை. டாக்டர் இந்தப் பக்கம் டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் நிற்கும் நர்ஸுக்குக் கண் கூசும், அவ்வளவு பெரிது என்பாள் அக்காள். பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட ஆஸ்பத்திரியில்தான் அதிகம் இருந்தான். "படிப்பு எதுக்கும்மா? உயிரோட இருந்தா போதாதா?" என்று தலைமையாசிரியர் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உயிரோடு இருந்தான், அவனுக்கு அது போதவில்லை. தலை நரைத்தபின் மாலைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தான். வகுப்போ மூன்றாவது மாடி. உட்கார்ந்து உட்கார்ந்து அவன் ஏறி முடிப்பதற்குள் பேராசிரியர் பாடத்தை முடித்து, வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, மறுநாள் பாடத்துக்கே வந்துவிடுவார். பட்டம் வாங்குமுன்பே தெரு அவனுக்குப் 'பட்டதாரி' என்று பெயர் வைத்துவிட்டது.

அதிர்ச்சி ஆகாது என்பதால் அவனுக்கு எந்தச் சேதியையும் தவணை முறையில்தான் சொல்வார்கள். முதல் தடவை புள்ளியியலில் பெயிலானதை அக்காள் அரை நாள் சுற்றி வளைத்துச் சொன்னதில், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று ஓவென்று அழுதுவிட்டான். வெறும் பெயில்தான் என்றதும் சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகும் புள்ளியியல் அவனை விடவில்லை. பாக்கியிருந்த அந்த ஒரே பாடத்தின் முடிவுதான் இப்போது போனில்.

அக்காள் ஒரு தரம் பார்த்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். முகம் மாறவில்லை, எத்தனை வருஷத்துப் பயிற்சி! நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, பதறாதே. காலேஜ்லேருந்து ஒரு சேதி வந்திருக்கு."

கூடத்தில் இருந்தவர்கள் கட்டிலருகே நெருங்கி வந்தார்கள்.

"கெட்ட சேதின்னு சொல்ல முடியாது."

"அக்கா, பாஸா ஃபெயிலா, சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் அவனோடு படித்த பெண். அவளுக்கு அவன் வயதில் பாதிகூட இருக்காது.

"இரும்மா. முதல்ல அவன் கேக்கட்டும்." அக்காள் குனிந்தாள். "திருத்துனவருக்குக் கண்ணு சரியில்லையோ என்னவோ, உன் கையெழுத்தெல்லாம் புரிஞ்சிருக்கு. மார்க் கொஞ்சம்தான். ஆனா, அது போதும்டா. பாஸாயிட்டே. பட்டம் வாங்கிட்டே."

அந்தப் பெண் கைதட்டிவிட்டாள். ஒருவர் தட்ட, இன்னொருவர் தட்ட, கூரையே பெயர்ந்துவிடும்போல் ஆனது. வண்டி டிரைவர் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று எட்டிப் பார்த்தார்.

"வண்டி நிக்குதே..." என்றார் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒரு நிமிஷம்."

நல்ல சேதி சொன்ன பிறகு எப்போதும் செய்வதுபோல, அக்காள் அவன் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள்.