மூக்குதான் பாஸ்

பிரசவ வார்டு வாசலில் வாட்ச்மேன் மாப்பிள்ளையை மடக்கிவிட்டார். தலைச்சன் பெண் பிறந்து இரண்டு மணி நேரமாகிறது. அச்சகத்திலிருந்து மை படிந்த சட்டையோடு ஓடி வந்தவர் இன்னும் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வையாளர் நேரம் முடியப் பத்தே நிமிடம்.

“குடும்பத்து ஆளுங்க மட்டும்தான் சார்.”

“நான்தாங்க குழந்தையோட அப்பா!”

“பாஸ்?”

“மச்சான்கிட்ட இருக்கு. உள்ள மூணாம் நம்பர் ரூம்ல இருக்காரு. போனை எடுக்க மாட்டேங்கறாரு.”

வாட்ச்மேன் சிரித்தார். “மூணாம் நம்பர் ரூம்தானே? அந்தக் குடும்பம் மொத்தமும் என் கண்ணு முன்னாலதான் உள்ள போச்சு. எல்லாருக்கும் சுருட்டை முடி, கிளி மூக்கு. ஒருத்தர்கிட்டயும் பாஸ் கேக்கல. மூக்குதான் பாஸ்! உங்க மூக்கைத் தேடணும் போலிருக்கே?”

மாப்பிள்ளை தம் சப்பை மூக்கைத் தடவிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, சுருட்டை முடியும் கிளி மூக்குமாக ஒருவர் பையோடு வந்தார்.

“வாங்க, இன்னொரு தாய்மாமனா? மூணாம் நம்பர்!” கதவு திறந்தது.

“ஐயோ, அவரு எங்க வீட்டு ஆளே இல்லீங்க!”

“வயித்தெரிச்சல் படாதீங்க சார்.”

நாலே நிமிடத்தில் அந்த ஆள் திரும்பி வந்தார். “நான் ஃபேன் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியன்யா. பேச விட்டாத்தானே! ‘யாருப்பா நீ?’ன்னு ஒரு அம்மா விரட்டிட்டாங்க. குழந்தை மட்டும் அழகு. காது ரெண்டும் விசிறி மாதிரி...” மாப்பிள்ளையைப் பார்த்தவர் நிறுத்தினார். “அட, இதே காது!”

வாட்ச்மேன் ஒரே ஓட்டமாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் அசடு வழிந்தது. கதவை அகலத் திறந்து சல்யூட் அடித்தார்.

அறை வாசலில் மச்சான் எதிர்ப்பட்டார். “வாங்க மாப்பிள்ளை! போன் சைலன்ட்ல இருந்திருக்கு, இப்பத்தான் பார்த்தேன். இந்தாங்க பாஸ், நீங்களே வச்சுக்கோங்க. நான் போய் டீ வாங்கிட்டு வரேன்.”

மகளைக் கையில் வாங்கினார் மாப்பிள்ளை. பஞ்சு மூட்டை போல இருந்தாள். காதைத் தொட்டுப் பார்ப்பதற்குள் வெளியே ஒரே சத்தம்.

“யோவ், நான் தாய்மாமன்யா! காலையிலயே என்னை உள்ள விட்டியே!”

“அது காலையில சார். இப்ப காதைக் காட்டுங்க!”

மாப்பிள்ளையின் சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சான்தான். அடித்துக்கொண்டே இருந்தது.

பாவம் மாப்பிள்ளை. இரண்டு கையிலும் மகள். எப்படி எடுப்பார்?