ஐந்தாவது சிவப்பு நாடா

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? பத்தடி தள்ளி நிற்கும் புது விமானத்தின் கீழே அவள் தங்கை வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கையகலத் திரை ஒன்றைத் தட்டித் தட்டி வேலை பார்க்கிறாள். இவளோ விடிந்ததிலிருந்து முழங்கை வரை எண்ணெயில் முங்கி எழுந்தவள். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது.

அக்காவும் தங்கையும் ஒரே படைத்தளத்தில் மெக்கானிக்குகள். பெரியவளின் பொறுப்பில் இருப்பது முப்பத்தைந்து வருஷப் பழைய தாக்குதல் விமானம். தளமே அதை 'எருமை' என்றுதான் கூப்பிடும். வேகம் கிடையாது. ஆனால் தாழப் பறக்கும், தரையில் மாட்டிக்கொண்ட சிப்பாய்களின் தலைக்கு மேலேயே மணிக்கணக்கில் சுற்றும், உடம்பெல்லாம் ஓட்டையானாலும் வீடு வந்து சேரும். சின்னவளிடம் இருப்பது போன வருஷம் வந்து இறங்கிய ஜெட். கூப்பிட்ட குரல் அடங்குவதற்குள் வந்து நிற்கும். அத்தனை உயரத்திலிருந்தே லாரியின் சக்கரத்தைக் கூடப் பார்த்துவிடுமாம். பார்க்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?

சின்னவளை இந்த வேலைக்கு விண்ணப்பம் போடவைத்ததே இவள்தான். உட்கார வைத்து, தாளை நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் கூட விரலால் காட்டினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. இப்போது அப்பாவின் போனைத் திறந்தால் ஜெட்டின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் சின்னவள். "எங்க சின்னவ பாக்குற பிளேன்ல எல்லாமே கம்ப்யூட்டர்தான்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். பெரியவளைப் பற்றிக் கேட்டால், "அவளா? ஏதோ பழைய வண்டி பாக்குறா" என்று பேச்சை மாற்றிவிடுவார். பதினாறு வருஷ உழைப்பு, ஏதோ பழைய வண்டி!

அன்று இரண்டு விமானத்துக்கும் போட்டி. தரைப்படைக்கு எது நல்ல துணை என்று பார்க்கும் சோதனை. எருமை தோற்றால் அந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள், பெரியவள் கிடங்கில் போர்வை அடுக்கப் போக வேண்டியதுதான். மலையடிவாரத்தில் ஒரு சின்னத் தரைப்படைக் குழு. அதை நோக்கிப் பழைய லாரிகள் எதிரி வேஷத்தில் நகரும். குழுவின் ரேடியோக்காரர் கூப்பிட்டதும் விமானம் வந்து, மூன்று நிமிஷத்துக்குள் லாரிகள் மேல் பயிற்சிக் குண்டு போட வேண்டும். அந்த ரேடியோக்காரர் வேறு யாருமில்லை, பெரியவளின் கணவர். காலையில் சாப்பாட்டு டப்பாவை அவர் பையில் வைத்து அனுப்பியவளே இவள்தான்.

முதல் முறை ஜெட்டுக்கு.

கிளம்புமுன் ஒரு வழக்கம் உண்டு. குண்டு தவறி விழாமல் இருக்க, அதைத் தொங்கவிடும் ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு ஊசி செருகியிருக்கும், அதன் வாலில் சிவப்பு நாடா. மெக்கானிக் எல்லா ஊசிகளையும் உருவி, நாடாக்களைக் கொத்தாகத் தூக்கி விமானிக்குக் காட்ட வேண்டும். அவர் மேலிருந்து எண்ணிப் பார்த்துத் தலையாட்டுவார். ஊசி உள்ளேயே இருந்துவிட்டால் குண்டு விழாது, அவ்வளவுதான்.

சின்னவள் கொத்தைத் தூக்கிக் காட்டினாள். விமானி எண்ணினார், தலையாட்டினார்.

பெரியவளும் எண்ணினாள். நான்கு. ஜெட்டுக்கு எப்போதும் நான்குதான். ஆனால் இந்தச் சோதனைக்காக அன்று காலைதான் வலது இறக்கையில் புதிதாக ஒரு கொக்கி மாட்டினார்கள். போட வேண்டிய குண்டு தொங்கியது அதில்தான். காட்டியவளுக்கும் பழக்கம் நான்கு, பார்த்தவருக்கும் பழக்கம் நான்கு. ஐந்தாவது நாடா இறக்கைக்கு அடியில் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

தளத்தில் யார் வேண்டுமானாலும் எந்த விமானத்தையும் நிறுத்தலாம். தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் போதும், அந்த இடத்திலேயே நிற்கும். பெரியவளின் கைகள் தோள் வரை எழுந்தன. 'ஏதோ பழைய வண்டி' என்ற குரல் காதுக்குள் கேட்டது. தூக்கிய கையால் காதுக் கவசத்தைச் சரிசெய்துகொண்டாள். ஜெட் உறுமிக்கொண்டு போயே போய்விட்டது.

மதியத்துக்குள் தளம் முழுக்கச் செய்தி பரவியது. ஜெட் கோட்டைவிட்டது, அடுத்த முறையில் எருமை லாரிகளை அடித்து ஜெயித்தது! எருமைப் பிரிவில் ஒரே கூத்து. பெரியவளின் முதுகில் ஆளாளுக்குத் தட்டினார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

நான்கு மணிக்குச் சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா, அஞ்சாவது ஊசியை விட்டுட்டேன்க்கா. எப்படி மறந்தேன்னே தெரியல. இனிமே விமானத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"அழாதடி. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"உனக்கு நடந்ததே இல்லையேக்கா!"

அந்த ஒரு வார்த்தைக்காகப் பெரியவள் எத்தனை வருஷமாகக் காத்திருந்தாள்! இப்போது கிடைத்ததும், "அப்புறம் பேசறேன்டி" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆறு மணிக்குக் கணவர் வந்தார். உடம்பெல்லாம் புழுதி, முகம் கொள்ளாத சிரிப்பு. சட்டைப் பொத்தானில் நூல் கட்டிய வெள்ளை அட்டை ஒன்று தொங்கியது. 'இறந்தவர். நேரம் 10.40' என்று அதில் பேனாவால் எழுதியிருந்தது.

"என்னங்க இது கர்மம்?"

"நான் செத்துட்டேன்! உன் தங்கச்சி புண்ணியம்." பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "கூப்பிட்டேன், சர்ருன்னு வந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, அந்த வேகம் உன் எருமைக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. ஆனா ஒண்ணும் விழல. சரி, திரும்பி வரும்னு பாத்தா, அது ஒரு தடவை திரும்ப ஊரையே சுத்தணும் போல. உன் எருமைன்னா அங்கேயே வளைஞ்சிருக்கும். அதுக்குள்ள லாரி எங்க மேலயே வந்து நின்னுடுச்சு. நடுவர் வந்து வரிசையா அஞ்சு பேருக்கும் அட்டையைக் கட்டிட்டுப் போயிட்டார். அதுல ஒருத்தனுக்குப் போன மாசம்தான் குழந்தை பிறந்திருக்கு. அவன் மட்டும் சிரிக்கல."

பெரியவள் நீட்டிய தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"நிஜச் சண்டையா இருந்தா இந்நேரம் நீ மாரடிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. போகட்டும், சின்னவளை ரொம்பத் திட்டாத. பாவம், எண்ணிக்கை தவறிட்டா. என்னைக் கொல்லணும்னா செஞ்சா?"

"அவ கொல்லலைங்க."

"ம்?"

"அஞ்சாவது நாடா தொங்கினதை நான் பாத்தேன். கையைத் தூக்கியிருந்தா பிளேன் நின்னிருக்கும். நான் தூக்கல. அப்பா வாயில அவ பேரு மட்டும் வருதுன்னு எனக்குப் பொறாமை. அவ தோக்கணும்னு நினைச்சேன்."

அவர் சிரிப்பு நின்றது. குனிந்து பொத்தானிலிருந்த அட்டையை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, விரலுக்கு அகப்படவில்லை. வெகுநேரம் அதையே நோண்டிக்கொண்டிருந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"கீழ நான் இருக்கேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றாள்.