வாஸ்து புருஷன் பல் துலக்கும் வேளை

திருத்தாழையூரில் சொந்த மனை இல்லாதவர்களின் கால்கள் நிலத்தில் தோய்வதில்லை. பதினெட்டு வயதில் அந்த இடைவெளி ஒரு வெற்றிலையின் கனம் இருக்கும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஊரில் யாரும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் முதலில் வந்தவரின் காலைப் பார்ப்பார். அடுத்துத் தம் வீட்டின் உத்தரத்தைப் பார்ப்பார். அதன் பிறகே பேசத் தொடங்குவார்.

தையல்நாயகிக்கு நாற்பத்தொரு வயது. தேரடிக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் அவள் வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. மேல்தட்டு மருந்துகளை எடுக்க அவளுக்கு முக்காலி வேண்டியிருக்கவில்லை. கடை முதலாளி அதை அவளுடைய தகுதிகளில் ஒன்றாகவே கருதினார். செருப்புத் தேய்வதில்லை. மழைக்காலத்தில் சேறு படுவதில்லை. குறை என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. ஒரு முழத்தைத் தாண்டியவர்களை ஆடிக் காற்று கொண்டுபோய்விடும்.

சென்ற ஆடியில் சைக்கிள் கடை இராசகோபால் அப்படிப் போனார். காற்றடிக்கும் பம்பைக் கையில் பிடித்தபடியே கிழக்கு நோக்கிப் போனார். அவர் மனைவி இன்றும் கிழக்கே பார்த்துத்தான் இலை போடுகிறாள்.

நாற்பதைக் கடந்துவிட்டால் சாணிலிருந்து முழத்துக்கு ஏற ஒரு கோடை போதும். வைகாசி பிறந்தபோது தையல்நாயகி ஒரு சாணும் இரண்டு விரற்கடையும் ஏறியிருந்தாள். ஆடிக்குள் மனை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் அவளுக்கு ஐயம் எதுவும் எஞ்சவில்லை. பணம் இருந்தது. ஊரில் நிலமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு தரகர் மட்டும் வேண்டியிருந்தது.

தரகர்கள் அனைவரும் மேலவீதியில் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். வாசலில் பலகை தொங்கிற்று. ‘புதிய முதலீட்டாளர்கள் தவிர அனைவரும் வருக.’ தையல்நாயகி அதை நிறுத்திப் படித்தாள். பிழையற்ற தமிழ். உள்ளே போனாள்.

இருபுறமும் கதவுகளோடு ஒரு தாழ்வாரம் கிடந்தது. அவள் நடக்க நடக்க அது நீண்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. கதவுகள் மட்டும் எட்டாத தொலைவிலேயே இருந்தன. சற்று நேரம் பார்த்துவிட்டு, திரும்பிப் போகிறவளைப்போல் அவள் பாவனை செய்தாள். தாழ்வாரம் அதை நம்பிச் சுருங்கிக்கொண்டது. சுருங்கிய வேகத்தில் பக்கத்தில் வந்து நின்ற கதவுக்குள் அவள் நுழைந்துவிட்டாள்.

அது தரகர் குஞ்சிதபாதத்தின் அறை. அவர் ஒரு மனைப் பிரிவைத் தாம்பாளத்தில் பரப்பி, பர்பி போடுவதுபோல் கத்தியால் சதுரம் சதுரமாகக் கீறிக்கொண்டிருந்தார். ஓரத்தில் கோணலாக விழுந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

“வாங்கம்மா. இது எத்தனாவது மனை?” என்றார், நிமிராமல்.

“மொத மனை.”

கத்தி நின்றது. அவர் குனிந்து, ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை அவளுடைய பாதத்துக்கும் தரைக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார்.

“புது ஆளா நீங்க?”

“ஆமா.”

“புது ஆளுக்கு நாங்க பண்றதில்லம்மா. மொதல்ல எங்கயாச்சும் ஒரு மனை வாங்கிட்டு வாங்க. அப்புறம் மொத மனை காட்டுறேன்.”

“அதை யாரு காட்டுவா?”

“இந்தக் கட்டடத்துல ஒருத்தன் காட்ட மாட்டான்,” என்றார் பெருமையோடு.

“ஏங்க?”

“பாத்தீங்களா, ஏன்னு கேக்குறீங்க. பழைய ஆளு கேக்க மாட்டாங்க. தண்ணி இருக்கா, ரோடு இருக்கான்னு புது ஆளுங்கதான் கேப்பாங்க. போன மாசம் ஒருத்தரு, மனையை நேர்ல பாக்கணும்னாரு. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல.”

“நானும் பாக்கணும்.”

“சொன்னேன்ல,” என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உட்காரச் சொன்னார். அவள் முன்பே உட்கார்ந்துதான் இருந்தாள். நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவே அதே இடைவெளி இருந்தது. அப்போதுதான் குஞ்சிதபாதம் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

மருத்துவர்களின் கையெழுத்தை ஆண்டுக்கணக்கில் உற்றுப் படித்ததில் இமைக்கும் பழக்கம் தையல்நாயகியை விட்டுப் போயிருந்தது. அவள் தலையில் இருந்தது முந்தாநாள் மல்லிகை. இரவுதோறும் கடையின் குளிர்பெட்டியில் இன்சுலினோடு உறங்கியதால் அது வாடவில்லை. குஞ்சிதபாதம் புராணம் கேட்டு வளர்ந்தவர். கால் நிலம் தோயவில்லை, கண் இமைக்கவில்லை, சூடிய பூ வாடவில்லை. மூன்றையும் அவர் ஒன்றாகக் கூட்டினார். எழுந்து, இழுப்பறையிலிருந்து சூடத்தை எடுத்துத் தாம்பாளத்தின் நடுவே ஒரு மனையின் மேல் வைத்துக் கொளுத்தினார்.

“தாயே, வந்ததும் சொல்லியிருக்கக் கூடாதா?”

“நான் தேரடி மருந்துக் கடைங்க.”

“அப்படித்தான் சொல்லுவீங்க.” நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். எழுந்தவர் முகம் வாடிவிட்டது. “ஆனா இப்ப சுத்தமா முடியாது தாயே.”

“இப்ப என்ன?”

“சாமி மைனரு. மைனர் கையெழுத்து பத்திரத்துல செல்லாது. தர்மகர்த்தாவைக் கூட்டிக்கிட்டு வாங்க.”

“எனக்கு நாப்பத்தொண்ணு.”

“நாலு யுகம் ஆனாலும் சாமி மைனருதான். நானா போட்டேன் சட்டத்தை?”

புது ஆள் என்றால் விற்க மாட்டார். சாமி என்றால் விற்க இயலாது. தையல்நாயகி இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தாள். புது ஆளாக இருப்பதே மேல் என்று தோன்றிற்று. அது என்றைக்காவது தீரும். ஆனால் கையில் கிடைத்த தெய்வத்தன்மையை வீணாக்கவும் அவளுக்கு மனமில்லை.

“சாமியாவே கேக்குறேன்,” என்றாள். “புது ஆளுக்கு மனை காட்டுறவரு இந்த ஊர்ல யாரு? பொய் சொல்லிராதீங்க. சூடம் எரியுது.”

குஞ்சிதபாதம் சூடத்தைப் பார்த்தார். அது நின்று எரிந்தது. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

“ஒருத்தரு இருக்காரு. எங்க சங்கத்துல சேராதவரு.” விரலால் தரையைக் காட்டினார். “வாஸ்து புருஷன். பைபாஸ் மனைப் பிரிவுக்கு அடியில குப்புறப் படுத்திருக்காரு. நாளைக்குக் கண்ணு முழிக்கிறாரு. அவரு சாப்புடறப்ப போங்க. இல்ல, வெத்தல போடுறப்ப போங்க. பல்லு வெளக்குறப்ப மட்டும் போயிராதீங்க தாயே. போனவன் உருப்பட்டதில்ல.”

“யாரு போனா?”

“யாருமே போனதில்ல.”

சூடம் அணைந்தது. தாழ்வாரம் ஒரே அடியில் அவளை வீதியில் விட்டது.

வாஸ்து புருஷன் ஆண்டில் சில நாள்களே விழிப்பார் என்பதும், விழித்ததும் பல் துலக்கி, நீராடி, பூசை செய்து, உண்டு, வெற்றிலை போட்டு மறுபடி உறங்கிவிடுவார் என்பதும் சுவரில் மாட்டும் எல்லாக் காலண்டர்களிலும் இருப்பவை. வயிறு நிறையும்போது அவர் மனமும் நிறைந்திருக்கும் என்பது ஊரின் கணக்கு. ஆகையால் அவர் உண்ணும் வேளைக்குச் செங்கல்லோடு காத்திருந்து, ஊரே ஒன்றாகப் பூமி பூசை போடும்.

தையல்நாயகி கடையில் நின்று பழகியவள். கூட்டம் நெரிக்கும்போது ஒருவருக்கும் நின்று பதில் சொல்ல இயலாது என்பது அவளுக்குத் தெரியும். கடை திறந்த கையோடு வருகிறவருக்குத்தான் எந்த மாத்திரை எதற்கு என்று பொறுமையாகச் சொல்ல முடியும். பல் துலக்கும் வேளையே சரி என்று அவள் முடிவு செய்தாள்.

மறுநாள் விடியலில் மனைப் பிரிவின் நுழைவு வளைவுக்கு வெளியே ஊர் திரண்டிருந்தது. எல்லார் தலையிலும் மஞ்சள் தடவிய செங்கல் இருந்தது. ஒருவர் பல் துலக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை அன்று என்பதால், அனைவரும் முதுகைக் காட்டி நின்றார்கள். குஞ்சிதபாதம் மட்டும் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார்.

“தாயே, இப்ப வேணாம்!”

அவள் வளைவைக் கடந்து உள்ளே போனாள்.

மண் ஒருமுறை பெருமூச்சு விட்டது. எல்லைக் கற்கள் அசைந்தன. வடகிழக்கு மூலையில் ஒரு பெரிய தலை கன்னத்தின் மேல் புரண்டு படுத்தது. அதன் வாயில் ஒரு வேப்பமரம் வேரோடு இருந்தது.

“யாரு?” மரம் ஒரு கடைவாய்க்கு ஒதுங்கிற்று.

“புது ஆளு.”

“சாப்பாட்டு வேளை இன்னும் வரலியே.”

“தெரியும். அப்ப கூட்டமா இருக்கும்னு இப்பவே வந்தேன்.”

அவர் யோசித்தார். மின்கம்பங்கள் ஆடின.

“இத்தனை காலத்துல பல்லு வெளக்குறப்ப ஒருத்தரும் வந்ததில்ல. நான் வாயில சோத்தை வைக்கிறப்பதான் எல்லாரும் என் மேல செங்கல்லை வைக்கிறாங்க. தண்ணி கொண்டாந்தியா?”

“எதுக்கு?”

“வாய் கொப்பளிக்க.”

“இத்தனை நாளா எப்படிக் கொப்பளிச்சீங்க?”

“கொப்பளிக்கல.”

அவள் கைப்பையில் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்து கொடுத்தாள். அவர் நெடுநேரம் கொப்பளித்தார். துப்பியபோது தென்கோடியில் ஒரு குளம் உண்டாயிற்று. அங்கே குளம் இருப்பதாக விளம்பரத் தாளில் முன்பே அச்சிட்டிருந்தார்கள்.

“புது ஆளுக்கு மனை காட்டுவீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“புது ஆளுக்கு மட்டும்தான் காட்டுவேன். பழைய ஆளுங்க காட்டாமயே ஏறி நிக்கிறாங்களே. உனக்கு எது வேணும்?”

“கால் பக்கம் இருக்குங்களா?”

“அங்கெல்லாம் போயாச்சு. குஞ்சிதபாதம்னு ஒரு புண்ணியவான் கெண்டைக்கால் பூரா வித்துட்டாரு. மரத்துப்போய்க் கெடக்கு.”

“முதுகு?”

“கொஞ்சம் இருக்கு. வேணாம், கட்டடம் வந்தா அரிக்கும், சொறிய முடியாது. நீ மொதல்ல எறங்கி நின்னு பாரு. எடை தெரிஞ்சாத்தான் எந்த எடம்னு சொல்ல முடியும்.”

“எறங்க முடியாதுங்க. மனை வாங்குனாத்தான் எறங்கும்.”

“எறங்கிப் பாக்காம மனையை எப்படி முடிக்கிறது?”

கிழக்கே மேகம் திரண்டது. அது அவருடைய குளியல் தண்ணீர். அது வந்துவிட்டால் அவர் நீராடப் போய்விடுவார், பூசை வந்துவிடும், செங்கற்கள் வந்துவிடும். அடுத்து அவர் விழிப்பது ஆடியில். அப்போது அவள் கடலுக்கு மேல் இருப்பாள். தையல்நாயகி மேகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய உடம்பை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, மருந்துத் தட்டுகளைப் பார்க்கும் அதே கண்ணால் பார்த்தாள்.

“நான் எறங்க முடியாது. உங்க கை மேல வரலாமே?”

“வலது கையில சாப்புடணும்.”

“இடது கை?”

அவருக்குக் காது மடல் சிவந்தது. “இடது கையால ஒருத்தருக்கு எதையும் குடுக்கக் கூடாதும்மா. அசிங்கம். அதனாலதான் அதை எவனும் அளக்கவே இல்ல.”

“நீங்க குடுக்க வேணாம். சும்மா நீட்டி வச்சிருங்க. நானா எடுத்துக்கிறேன்.”

வாஸ்து புருஷன் அதை மரத்தோடு சேர்த்து மென்று பார்த்தார். குற்றம் ஒன்றும் தட்டுப்படவில்லை.

மேற்குப் பக்கத்தில் மண் பிளந்தது. வண்ணம் பூசிய கற்கள் உருண்டன. ஓர் உள்ளங்கை, புதிதாய் உழுத வயல்போல் கோடுகள் ஓட, மெல்ல மெல்ல மேலே வந்தது. தையல்நாயகி சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முதலில் பாதத்தில் குளிர்ச்சி தெரிந்தது. அடுத்து மண் தெரிந்தது. அடுத்துத் தன் எடை தெரிந்தது. அது அவள் எண்ணியிருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. அவளுக்கு அதில் வருத்தமில்லை.

“கனக்குதுங்களா?”

“கனக்குது,” என்றார் அவர். “நல்லாத்தான் இருக்கு.”

மழை வந்தது. அவர் நீராடினார். பூசை முடித்தார். அவர் முதற்கவளத்தை எடுத்தபோது ஊர் முழுதும் செங்கற்களோடு ஓடிவந்தது. குஞ்சிதபாதம் அவளருகே வந்து நின்று குனிந்தார். அளவுகோல் அவள் காலடியில் நுழையவில்லை.

“அப்ப நீங்க சாமி இல்லையா?”

“இல்ல.”

“புது ஆளும் இல்ல.”

“இல்ல.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப ரெண்டாவது மனை ஒண்ணு பாப்பமா?”

“பாக்கலாம். தண்ணி இருக்கா? ரோடு இருக்கா?”

குஞ்சிதபாதம் செங்கல்லை எடுத்துக்கொண்டு கெண்டைக்கால் பக்கம் போய்விட்டார்.

ஆடி பிறந்தது. காற்று வந்தது. முழத்தைத் தாண்டியவர்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கிப் போனார்கள். தையல்நாயகி தன் மனையில் நின்றாள். அவள் முந்தானையும் கூந்தலும் அவர்களோடு போகப் பார்த்தன. கால் அசையவில்லை. கீழே உறங்குகிறவருக்குக் காற்றின் கூச்சம் எட்டியிருக்க வேண்டும். உறக்கத்திலேயே விரல்களை மெல்ல மடக்கினார். அவளைச் சுற்றி ஐந்து தூண்கள் எழுந்தன. அவள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். உறுதியாக இருந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வாசல் என்று தீர்மானித்தாள்.

அப்போது வானில் போய்க்கொண்டிருந்த ஒருவர், டிபன் கேரியரோடு வந்து மோதிர விரலில் முட்டிக்கொண்டு, அதை இறுகக் கட்டிப்பிடித்தார்.

“அம்மா, இங்க தரகர் யாராச்சும் இருக்காங்களா? நான் புது ஆளு!”

“இருக்காங்க,” என்றாள் தையல்நாயகி. “அதை விட்டுட்டுச் சுண்டுவிரலைப் பிடிச்சுக்குங்க. அதுதான் காலியா இருக்கு.”