கதவு உள்ள சுவரில் திரை

1

இந்தக் கதை எனக்கு இனாமாக வந்தது. வீடுகளில் தியேட்டர் அறை அமைத்துக் கொடுக்கும் ஒருவர் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எல்லா வீட்லயும் சுவரைவிடப் பெரிய திரையா கேப்பாங்க சார். ஒரு வீட்ல மட்டும் கதவு மேல மாட்டணும்னாங்க" என்றார். வண்டி கிளம்பியதும் தூங்கிவிட்டார். மிச்சத்தை நான்தான் எழுத வேண்டியதாயிற்று.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: அந்த அறையின் இருளுக்குள்

வேண்டாம். இருளில் தொடங்கும் கதைகள் ஊர்ப்பட்டவை இருக்கின்றன.

2

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். (என் அக்கா இல்லை. கதையில் ஒரு தம்பி வருகிறான், அவனுக்கு அக்கா.) வீட்டின் கடைசி அறையைத் தியேட்டராக்க முடிவு செய்த நாளிலிருந்து திரைக் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டாள். திரை வெள்ளையா, சாம்பலா? ஓரத்துக்குக் கறுப்பு வெல்வெட் உண்டா? பக்கவாட்டில் உட்கார்ந்தால் படம் மங்குமா? சுவருக்கு மினுங்காத கரும்பெயிண்ட் அடித்தாள், கூரைக்கும் அதே. கணவர் ஒரு சாய்வு நாற்காலி கேட்டார். வீட்டிலும் கதையிலும் அவர் பங்கு அத்தோடு முடிந்தது.

மிஞ்சியது ஒரே கேள்வி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரையா, மேலிருந்து இறங்கி மறுபடி சுருண்டுகொள்ளும் திரையா? சட்டத்திரையில் படம் பிசிறில்லாமல் நிற்கும். சுருள்திரை நாளடைவில் நெளியும். நெளிசல் என்றால் அக்காவுக்கு ஆகவே ஆகாது.

ஆனால் ஒரு சுவரில் ஜன்னல், ஒன்றில் பதித்த அலமாரி, ஒன்றில் வாசல். மிச்சமிருக்கும் சுவரில் ஒரு கதவு. அதைத் திறந்தால் தம்பி வீடு. ஒரே வீட்டை இருவருக்குமாகப் பிரித்தபோது, போய்வர இருக்கட்டும் என்று வைத்த கதவு. சட்டத்திரை மாட்டினால் அதை இனி யாரும் திறக்க முடியாது.

3

தம்பி லிஃப்ட் மெக்கானிக். தனி ஆள். [முதல் வரைவில் அவனுக்கு மனைவி இருந்தாள். அவள் வந்ததும் பழி முழுக்க அவள் தலையில் விழுந்தது. எடுத்துவிட்டேன்.]

இருவருக்கும் மனஸ்தாபம். காரணமாகச் சொத்தை எழுதிப் பார்த்தேன், அரைத்த மாவாக இருந்தது. அப்பாவின் நோயை எழுதினேன், கதை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கடைசியில் கிடைத்தது சின்ன விஷயம்.

ஒரு சாயங்காலம் அக்காவின் ஆஸ்பத்திரிக்காரர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். தம்பி வழக்கம்போல அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு, கையெல்லாம் கிரீஸோடு, சோப்பு கேட்டு வந்து நின்றான். "முன்வாசல் வழியா வரக் கூடாதா?" என்றாள் எல்லார் முன்னாலும்.

அன்றிலிருந்து அவன் முன்வாசல் வழியாகத்தான் வருகிறான். தெருவில் இறங்கி, சுற்றி வந்து, பெல் அடித்து, திறக்கும்வரை நிற்கிறான். "நீ" போய் "நீங்க" வந்துவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் சமாதானம் பண்ணலாம். மரியாதையாக நடந்துகொள்கிறவனை என்ன சொல்லிச் சமாதானம் பண்ணுவது?*

* மன்னிப்பு கேட்டால் முடிந்ததே என்பீர்கள். கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றுவிட்டான்.

4

ஞாயிற்றுக்கிழமை திரைக்காரர் அளவெடுக்க வந்தார்.

"இந்தக் கதவு புழக்கத்துல இருக்கா மேடம்?"

"இல்ல."

"அப்ப யோசிக்கவே வேண்டாம், சட்டத்திரையே போட்டுடலாம். கதவை ஆணி அடிச்சு நிறுத்தணும். அந்தப் பக்கத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். கதவுக்குப் பின்னாலேயே மணி அடித்தது மூவருக்கும் கேட்டது.

(இருவருக்கும். தம்பி இன்னும் வரவில்லை.)

கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் பெல் அடித்தது.

"கதவை மூடிடலாம்னு சொல்றார். உனக்கு ஏதாவது..."

"எனக்கென்னக்கா. உங்க வசதி எப்படியோ அப்படிச் செய்ங்க."

"சுருள்திரைன்னா கதவை அப்படியே விட்டுடலாம். கொஞ்சம் நெளியும், அவ்வளவுதான்."

"நெளிஞ்சா உங்களுக்குப் பிடிக்காதே."

இந்த இடத்தில் அக்காவை நான் சந்தேகப்படுகிறேன். அனுமதி கேட்கவா அவனைக் கூப்பிட்டாள்? அவன் வாயால் "மூட வேண்டாம்" என்று வர வேண்டும், அதற்குத்தான் கூப்பிட்டாள். அவன் சொல்லவில்லை. கதவின் நிலையை விரலால் தட்டிப் பார்த்தான்.

"ஆணி அடிச்சா மரம் பிளந்துடும். நானே கழட்டித் தர்றேன், அந்த இடத்துல பலகை அடைச்சுக்கலாம்" என்றான்.

5

முடிவு ஒன்று: கதவு போகிறது, சட்டத்திரை ஏறுகிறது. எழுதி வாசித்துப் பார்த்தேன், குறை ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு நாள் அந்தக் காகிதத்தின் பக்கமே போகவில்லை.

முடிவு இரண்டு: அக்கா அழுகிறாள், தம்பி உருகுகிறான். நடக்காது. "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்க அடுத்தவரிடம் சொல்லிச் சொல்லித் தானும் அப்படியே ஆகிப்போனவள் அவள்.

மூன்றாவது பாதியில் நிற்கிறது. "சரிக்கா, நாளைக்கு ஸ்க்ரூ டிரைவரோட வர்றேன்" என்று தம்பி முன்வாசல் பக்கம் திரும்புகிறான். அக்கா அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறாள்.

"இப்படியே போயேன்."

"செருப்பு அங்க கிடக்கே."

இது என் கணக்கில் இல்லை. அவனாகச் சொன்னான். உண்மைதான், செருப்பு முன்வாசலில் கிடக்கிறது.

அதற்கு அக்கா என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். "கிடக்கட்டும்." ஒரே வார்த்தை. கிடந்தால் அதை எடுக்க அவன் திரும்ப வருவான், இந்த வழியாகவே வருவான். எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன், அடித்தேன். நான் அவள் வாயில் போட்டால் அது என் வார்த்தை. அது என்னுடையது என்று அவன் கண்டுபிடித்துவிடுவான்.

திரைக்காரர் டேப்பைச் சுருட்டிவிட்டு, எந்தத் திரை என்று கேட்கக் காத்திருக்கிறார். உங்களுக்கு ஒரு அக்காவோ தம்பியோ இருந்தால் இங்கிருந்து நீங்கள் எழுதுங்கள். அவன் இன்னும் அறைக்குள்தான் நிற்கிறான். ரொம்ப நேரம் நிற்க மாட்டான்.