சேறு போன ஜெர்சி

எங்கள் அப்பாவுக்குக் கறை என்றாலே ஆகாது. சட்டையில் ஒரு சொட்டு சாம்பார் தெறித்தால்கூட, "ரிஜெக்ட் பீஸ்" என்று முகம் சுளிப்பார். வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் அர்த்தநாரி வேறு எப்படி இருப்பார்? அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது.

என் தம்பி தரணி வடக்கே ஒரு ராணுவக் கல்லூரியில் படிக்கிறான். இந்த வருஷம் கால்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன். அந்த அணியின் முதல் கேப்டன், கொட்டும் மழையில் கடற்படைக் கல்லூரியோடு ஆடித் தோற்றவர். அடுத்த வருஷமே போருக்குப் போனார், திரும்பவில்லை. அந்த மேட்சில் அவர் நெஞ்சில் அப்பிய சேற்றோடு, அவர் போட்டிருந்த வெள்ளை ஜெர்சி கேப்டனுக்குக் கேப்டன் கைமாறி வருகிறது. யாரும் துவைத்ததில்லை. வருஷாவருஷம் அதே கல்லூரியோடு மோதும்போது, பதினொரு பேரும் அந்தச் சேற்றைத் தொட்டுவிட்டுத்தான் மைதானத்தில் இறங்குவார்கள். லீவில்கூடக் கேப்டன் அதைப் பிரியக் கூடாதாம். இதையெல்லாம் தரணி அம்மாவிடமும் என்னிடமும் சொன்னான். அப்பா எந்நாள் வீடு தங்கினார், கேட்பதற்கு?

லீவு முடிந்து தரணி கல்லூரிக்குக் கிளம்புகிற அன்று மத்தியானம் ஜெர்சியைக் காணோம். கட்டிலைப் புரட்டினான், பீரோவைக் கலைத்தான். சாயங்காலம் ரயில், ஞாயிற்றுக்கிழமை மேட்ச்.

"அக்கா, அது இல்லாம நான் எந்த மூஞ்சியோட போறது?"

காலையில் அப்பா கம்பெனிக்குக் கிளம்பும்போது கையில் ஏதோ வெள்ளைத் துணி இருந்ததாக அம்மா இழுத்தாள். போன் போட்டால் அவர் எடுத்தால்தானே! ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பின்னால் உட்கார்ந்தவன், "வேகமாப் போக்கா" என்று தோளை உலுக்கிக்கொண்டே வந்தான். முன்னால் போன கண்டெய்னர் லாரிக்காரன் வழிவிடவே இல்லை. அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

செக்கிங் செக்‌ஷனில் அப்பா சிரித்த முகமாக நின்றார். கையில் பாலிபேக். உள்ளே ஜெர்சி, பளிச்சென்று வெளுத்து, அயர்ன் மடிப்போடு, சைஸ் ஸ்டிக்கர் சகிதமாக இருந்தது.

"பாரு கண்ணு! கறையப் பூரா எடுத்தாச்சு. மேட்சுக்குப் போறவன் அழுக்கோடயா போவான்?"

தரணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான்தான் கத்தினேன். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுதுங்கப்பா! அது என்ன சேறுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கதையைக் கேட்கக் கேட்க அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் கம்பெனி மூளை சும்மா இருக்குமா?

"அட, இதுக்குப் போயி கலங்கறயா கண்ணு? வெள்ளைக்காரனுக்கே புதுத்துணியப் பழசாட்டம் பண்ணி அனுப்பறோம். போட்டோ இருக்குமல்லோ? அதே எடத்துல சேத்த ஏத்தித் தாரேன். ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."

"வேண்டாமுங்கப்பா. செத்தவரு சேத்துக்கு டூப்ளிகேட்டா? நான் கோச்சுகிட்டச் சொல்லீர்றேன்" என்று தரணி எழுந்து போனை எடுத்தான்.

மெஷின் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டான். கோச் இந்தியில் பேசினார்; எனக்கும் ஓரளவு புரியும். ஜெர்சி துவைக்கப்பட்டுவிட்டது என்று தரணி சொன்னதும், யார் துவைத்தது என்று கேட்டார். தரணி அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்து, இந்தியிலேயே "நான்தான் சார்" என்றான். அடப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, நீயாக ஒத்துக்கொண்டாய். அணியிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீயே கேப்டன், கிளம்பி வா" என்றார் கோச். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. 'நான்தான்' என்று மகன் சொன்னது மட்டும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. தன் தப்பை மகன் சுமப்பதைப் பெற்ற மனசு பொறுக்குமா? போனைப் பிடுங்கினார். பீகார் பையன்களிடம் வேலை வாங்கிப் பழகிய இந்தியில், "சாப், லட்கா நஹி! ஹம் தோயா! லட்கா பஹுத் அச்சா!" என்று நெஞ்சைத் தட்டித் தட்டிச் சொன்னார். பையன் இல்லை, நான்தான் துவைத்தேன், பையன் ரொம்ப நல்லவன் என்கிறார்.

தரணி கண்ணை மூடிக்கொண்டான்.

கோச் சத்தம் போடவில்லை. "துவைத்தது தவறு, தரணி. அதை மன்னித்துவிட்டேன். ஆனால் நீ என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். இங்கே பொய் சொன்னவன் அணியை நடத்த முடியாது. வந்ததும் ஜெர்சியை என்னிடம் கொடுத்துவிடு." வைத்துவிட்டார்.

அவ்வளவு இந்தி அப்பாவுக்கு எட்டாது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல மனுசனாட்டம் தெரியுது. என்ன சொன்னாரு கண்ணு? மன்னிச்சுட்டாரா?"

நான் வாயைத் திறந்தேன். தரணி என் கையை நசுங்கிவிடும்படி பிடித்தான்.

"மன்னிச்சுட்டாருங்கப்பா" என்றான்.