வாக்குறுதியில் விழுந்த இரைச்சல்

அலெக்சாண்டர் பதினாறு வருடங்களாகச் சர்ச் கல்யாணங்களை வீடியோ எடுத்துவருகிறான். எடிட்டிங் அறை ஜீவனஹள்ளியில் வீட்டு மாடியிலேயே இருக்கிறது. சவுண்டுக்கு வைத்திருந்த ஆள் வேறு வேலைக்குப் போனபோது, ஒரே ஒரு கல்யாணத்துக்கு என்று சொல்லி மனைவி கேத்தரினின் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டான். அது ஐந்து வருடங்களுக்கு முன்பு. இப்போது போன் செய்பவர்கள் முதலில் கேட்பதே, "சவுண்டுக்கு கேத்தரின் வர்றாங்கதானே?" என்றுதான்.

அவனும் சிரித்துக்கொண்டே "வருவாங்க, வருவாங்க" என்பான். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்காது.

போன மாதம் லாயிட் அவளைக் கூப்பிட்டான். லாயிட் அலெக்சாண்டரோடு பள்ளியில் படித்தவன். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனிகளுக்குப் பயிற்சி வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அங்கே எந்த மைக்கில் பதிந்தாலும் ஒரு கரகரப்பு. இரண்டு டெக்னீஷியன்கள் வந்து பார்த்துவிட்டு கேமராவையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். கேத்தரின் சமையலறையில் நின்றபடி, காய் நறுக்கிக்கொண்டே, போனிலேயே வழி சொன்னாள். "ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணுங்க லாயிட். எது ஆஃப் ஆனா சத்தம் போகுதுன்னு மட்டும் பாருங்க." நாற்பது நிமிடத்தில் குற்றவாளி பிடிபட்டது. மைக்கின் ஒலியை வாங்கும் ரிசீவருக்குப் பின்னால், திரை மறைவில், யாரோ வைத்துவிட்டுப் போன வைஃபை பெட்டி.

அன்று மாலையே லாயிட் அவளுக்கு வேலை தருவதாகச் சொன்னான். வாரத்துக்கு மூன்று நாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் போனை வைத்துவிட்டாள். "நீ என்ன சொல்ற அலெக்ஸ்?" என்று கேட்டதற்கு, "உன் இஷ்டம்" என்றான். பள்ளியில் தன்னைப் பார்த்துக் கணக்கு எழுதியவன் லாயிட். அவன் தன்னைக் கூப்பிடவில்லை, தன் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறான் என்பது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ரயானுக்கும் ஆஞ்சலாவுக்கும் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை கல்யாணம். கேத்தரின் ஒன்பது மணிக்கே பீடத்தின் பக்கத்துத் தூண் அடியில் தன் பையை வைத்து, ரிசீவர்களை எடுத்து அடுக்கினாள். அலெக்சாண்டர் புதிதாக வாங்கிய லைட்டை அதே தூண் ஓரமாக ஸ்டாண்டில் நிறுத்தினான். கையிலிருக்கும் ரிமோட்டால் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதன் அடாப்டர் அவள் பைக்குப் பின்னால் தரையில் கிடந்தது.

மாப்பிள்ளை ரயானின் கோட்டில் மைக்கைக் குத்திவிட்டு வந்து ஹெட்போனை மாட்டியவள் முகம் சுளித்தாள். "என்னமோ கர்ர்ருன்னு வருது."

அலெக்சாண்டரின் காதில் இருந்த சிறிய இயர்போனிலும் அது கேட்டது. சர்ச் ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. ரெக்கார்டிங்கில் மட்டும்தான்.

அவள் சானலை மாற்றினாள். போகவில்லை. பேட்டரியை மாற்றினாள். முன் வரிசைக்காரர்களிடம் போனை அணைக்கச் சொன்னாள். வாசலில் தொங்கிய சீரியல் விளக்குகளைப் பிடுங்கச் சொன்னாள். கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்திருந்த லாயிட், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அவள் பின்னாலேயே வயரைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"என்ன மூளை மச்சா உன் பொண்டாட்டிக்கு!" என்று போகிற போக்கில் அலெக்சாண்டரிடம் சொன்னான். "நீ குடுத்து வெச்சவன்."

அலெக்சாண்டர் சோதனைக்குக் கேமராவை ஓடவிட்டு, வெளிச்சத்தில் என்ன வித்தியாசம் தெரிகிறது என்று பார்க்க, லைட்டை ரிமோட்டில் ஒரு கணம் அணைத்தான்.

இரைச்சல் நின்றது.

மறுபடி போட்டான். வந்தது.

அவ்வளவுதான் விஷயம். நான்கு எட்டு நடந்து போய் அவளிடம் சொன்னால் முடிந்தது. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அவள் குனிந்து ஏதோ சொல்ல, லாயிட் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருநாளாவது அவளுக்கும் ஒன்று தெரியாமல் போகட்டுமே என்று அவனுக்குத் தோன்றியது. மணப்பெண் வந்தவுடன் அணைத்துக்கொள்ளலாம். ரிமோட்டைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

மணப்பெண் வந்தாள். அவன் அணைக்கவில்லை. பைபிள் வாசகம் முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. ரயான் ஆஞ்சலாவின் கையைப் பிடித்துத் திருமண வாக்குறுதியைச் சொல்லத் தொடங்கினான். மெல்லிய குரல் அவனுக்கு. ஒவ்வொரு சொல்லும் அந்தக் கரகரப்புக்குள் முழுகுவதை அலெக்சாண்டர் கேட்டான். தூண் அடியில் கேத்தரின் இரண்டு கைகளாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, கண்களை மூடி நின்றிருந்தாள்.

அப்போதுதான் தான் செய்வது அவனுக்கு உறைத்தது. சட்டைப்பைக்குள் விரலைவிட்டு பொத்தானை அழுத்தினான். ஆஞ்சலாவின் குரல் மணி போலத் தெளிவாக வந்தது. ரயானுடையது போனது போனதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் கேத்தரினே ரயானிடம் போய்ச் சொன்னாள். "உங்க வாக்குறுதி சரியா பதியலப்பா. என் தப்பு. என்னால கண்டுபிடிக்க முடியல, சாரி." ரயான் பரவாயில்லை என்றான். அவன் அம்மாவின் முகம் மாறியது. அலெக்சாண்டர் பிரியாணித் தட்டோடு மூன்றடி தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை பகலில் அவன் டீக்கடைக்குப் போய்விட்டு மாடிக்கு வந்தபோது கேத்தரின் எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். திரையில், சடங்கு தொடங்குமுன் சோதனைக்காக அவன் எடுத்த காட்சி ஓடியது. தூண் மேல் விழுந்த வெளிச்சம் மறைந்தது, இரைச்சல் நின்றது. வெளிச்சம் வந்தது, இரைச்சலும் வந்தது. பிறகு வாக்குறுதிப் பகுதிக்குப் போனாள். ரயான் முடித்து, ஆஞ்சலா வாய் திறக்கும் அந்த நொடியில் தூண் இருண்டது.

"இது தானாவே நடந்ததுன்னு சொல்லு அலெக்ஸ்," என்றாள். "நான் நம்பிக்கிறேன்."

சொல்லியிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள்.

"இல்ல கேத்தி. எனக்குத் தெரியும். பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"எல்லாரும் உன்னையே கேக்கறாங்க. லாயிட் கூட." சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவனுக்கே கேட்டது. "எரிஞ்சுது எனக்கு."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் ஹெட்போன் வயரைச் சுருட்டி மேஜையில் வைத்தாள். "நான் அந்த அம்மா முன்னாடி தலைகுனிஞ்சு நின்னேன். நீ பாத்துட்டு இருந்த." கீழே இறங்கிப் போனாள். மாடிப்படியிலேயே அவள் லாயிட்டுக்குப் போன் செய்வது கேட்டது. "வர்றேன் லாயிட். அடுத்த வாரத்துல இருந்து."

மறுநாள் அலெக்சாண்டர் தனியாக ஜோகுபாளையத்தில் ரயானின் வீட்டுக்குப் போனான். அம்மாவும் பிள்ளையும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். "மைக்ல ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. என் லைட்டோட கோளாறு. அது எனக்குத் தெரிஞ்சும் நான் அணைக்கல. கேத்தரின் மேல தப்பே இல்ல."

"தெரிஞ்சுமா?" என்றாள் அந்த அம்மா. "அது எப்படிப்பா?"

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி," என்றான் அவன். ரயான்தான் எழுந்து போய்த் தன் தங்கையின் போனை எடுத்து வந்தான். அணைக்கச் சொன்ன பிறகும் வாக்குறுதியை முன் வரிசையிலிருந்து அவள் வீடியோ எடுத்திருந்தாள். யாரோ ஒரு குழந்தை பின்னால் அழுதுகொண்டிருந்தாலும் வார்த்தைகள் எல்லாம் இருந்தன. அந்தக் குரலை எடுத்துத் தன் படத்தோடு உதட்டசைவு பிசகாமல் சேர்க்க அலெக்சாண்டருக்கு இரண்டு நாள் பிடித்தது. கேத்தரினிடம் உதவி கேட்கவில்லை. அழுகைச் சத்தத்தை முழுக்க எடுக்க அவனால் முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் சோறு போட்டாள், துணி மடித்தாள், தேவைக்கு மட்டும் பேசினாள். அடுத்த திங்கட்கிழமை காலை எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப் வரை வண்டியில் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று நடந்தே போனாள்.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். பேசக் கூடாது என்று நினைத்திருப்பாள் போல. ஆனால் மனம் நிறைந்திருந்ததால் அடக்க முடியவில்லை. புது ஆடியோ மிக்ஸர், தனியறை, அவள் சொன்னதை மூன்று பேர் நோட்டில் எழுதிக்கொண்டது. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. அது தன்னால் வந்ததில்லை என்ற நினைப்பு அவனுக்குப் பழையபடி சுருக்கென்றது.

அவள் பாதியில் நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"சொல்லு கேத்தி," என்றான். "அப்புறம்?"